கடமான் வேட்டையில் காலிபரின் அளவும் குண்டு படும் இடமும்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில மலைக்காடுகளில் கடமான் வேட்டைக்கு முதன்முறையாகத் தயாராகும் ஒருவர் துப்பாக்கிக் கடையில் கேட்கும் முதல் கேள்வி, எந்தக் காலிபர் (குழலின் விட்ட அளவு) வாங்கலாம் என்பதாகவே பெரும்பாலும் இருக்கிறது. குண்டு உடலின் எந்த இடத்தில் பட வேண்டும், அந்த இடத்தில் அதைப் பட வைக்கும் திறமை தமக்கு எத்தனை மீட்டர் தொலைவு வரை இருக்கிறது என்ற கேள்விகள் பிறகுதான் வருகின்றன. சிலருக்கு வராமலே போகின்றன. இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அதற்காகக் காலிபர் ஒரு பொருட்டே இல்லை என்று வாதிடுபவர்களோடும் என்னால் உடன்பட முடியவில்லை. ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு கீழ்வரம்பு உண்டு. அதற்குக் கீழே இறங்கினால் நல்ல குறியும் சில சமயம் கைவிட்டுவிடும். அந்த வரம்புக்கு மேலே கூடுதலாக எரிக்கும் வெடிமருந்தோ, தவறான இடத்தில் பட்ட குண்டைச் சரியாக்கிவிடுவதில்லை.

கடமான் தமிழர்கள் அறிந்த விலங்கு. இலங்கை உள்ளிட்ட ஆசியப் பகுதிகளிலிருந்து 1860-களில் விக்டோரியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அது, இன்று கிப்ஸ்லாந்திலும் ஆல்பைன் மலைப்பகுதிகளிலும் பெருகிப் பரவியிருக்கிறது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதை வேட்டையாடுவது குற்றம். இலங்கையிலும் அது பாதுகாக்கப்பட்ட விலங்கே. விக்டோரியாவிலோ துப்பாக்கி உரிமமும் வேட்டை உரிமமும் பெற்றவர்கள் சட்டப்படி அதை வேட்டையாடலாம். ஆகவே இங்கே சொல்லப்படுபவை எல்லாம் அந்த மாநிலத்தில், பகல் வெளிச்சத்தில், காட்டுக்குள் நடந்து பதுங்கிச் சென்று சுடுபவர்களுக்காகச் சொல்லப்படுபவை. தோட்டா என்று குண்டும் வெடிமருந்தும் அடங்கிய முழுப் பொதியையும், குண்டு என்று குழலிலிருந்து வெளியேறும் உலோகத்தை மட்டும் குறிக்கிறேன்.

காலிபர் எண் சொல்வதும் சொல்லாததும்

விக்டோரியாவின் 2012-ஆம் ஆண்டு விதிகள் கடமானுக்கு .270 அங்குலத்துக்குக் (6.85 மி.மீ.) குறையாத காலிபரும் 130 கிரெயினுக்குக் (8.45 கிராம்) குறையாத குண்டும் தேவை என்று வகுத்தன, புள்ளிமானுக்கு .243 காலிபரும் 80 கிரெயின் குண்டும் போதும் என்றன. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், மாநில வேட்டை மேலாண்மை ஆணையம் வெளியிடும் நடப்பு விதிகளை ஒவ்வொரு ஆண்டும் படித்துக்கொள்வது கட்டாயம். எந்தத் தோட்டாவைப் பற்றிய பேச்சும் அந்த வரம்பைத் தாண்டிய பிறகுதான் தொடங்க முடியும்.

ஆனால் குழலின் விட்டத்தைக் குறிக்கும் எண் மட்டும் எவ்வளவு குறைவான செய்தியைத் தருகிறது என்பதற்கு ஸ்வீடன் நல்ல சான்று. அங்கே மூஸ் என்ற பெரிய மான் வகையில் வளர்ந்த ஆண் 400 கிலோவைத் தாண்டக்கூடியது. கடமானோ 200 கிலோவைத் தாண்டினாலே நல்ல ஆண் விலங்காகக் கருதப்படும். அந்த மூஸை ஸ்வீடன் வேட்டைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக 6.5×55 என்ற மெல்லிய தோட்டாவால் வீழ்த்தி வருகிறார்கள். அந்நாட்டு விதி விட்டத்தைப் பெரிதாகக் கருதாமல், குண்டு 10 கிராம் இருந்தால் 100 மீட்டரில் 2,000 ஜூல் ஆற்றலும், 9 கிராம் இருந்தால் 2,700 ஜூல் ஆற்றலும் வேண்டும் என்று எடையையும் ஆற்றலையும் சேர்த்துக் கேட்கிறது. கடமானைவிட இரு மடங்கு எடையுள்ள விலங்குக்கு அங்கே சட்டம் ஏற்கும் 6.5 மி.மீ. தோட்டா, மேலே சொன்ன 2012 விதியின்படி கடமானுக்குச் செல்லாது. எனக்கு ஸ்வீடன் அணுகுமுறையே அறிவுக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆனாலும் காட்டில் செல்லுபடியாவது அந்த இடத்துச் சட்டம்.

இன்னொரு கணக்கையும் பார்க்கலாம். .308 வின்செஸ்டர், .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு, .300 வின்செஸ்டர் மேக்னம் ஆகிய மூன்றும் ஒரே 7.82 மி.மீ. விட்டமுள்ள குண்டையே செலுத்துகின்றன. வேறுபடுவது அதன் பின்னால் இருக்கும் மருந்தின் அளவுதான். 180 கிரெயின் குண்டை முதலாவது நொடிக்கு ஏறத்தாழ 800 மீட்டர் வேகத்திலும், இரண்டாவது 820 மீட்டர் வேகத்திலும், மூன்றாவது 900 மீட்டர் வேகத்திலும் குழலிலிருந்து வெளியேற்றும். ஆற்றலாகச் சொன்னால் சுமார் 3,700, 3,900, 4,700 ஜூல். காகிதத்தில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரிகிறது. ஆனால் மேக்னம் குண்டு காற்றில் சுமார் 150 மீட்டர் சென்றதும், .308 குழல்வாயில் பெற்றிருந்த வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. அதாவது 150 மீட்டரில் மேக்னத்தால் அடிபடும் மானும், குழலுக்கு மிக அருகில் .308-ஆல் அடிபடும் மானும் ஏறக்குறைய ஒரே அடியைத்தான் வாங்குகின்றன. அடர்ந்த பள்ளத்தாக்குகளில் கடமானைப் பெரும்பாலும் 100 மீட்டருக்குள்ளேயே சந்திக்கிறோம். அந்தத் தொலைவில் .270 வின்செஸ்டரும் .308-உம் தேவைக்கு மேற்பட்ட ஆற்றலைக் கொண்டுசெல்கின்றன. பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் 300 மீட்டருக்கு அப்பால் சுடுவதையே வழக்கமாகக் கொண்டவருக்குத்தான் மேக்னத்தின் தட்டையான பாதை உண்மையான பயன் தருகிறது. அதற்கு அவர் அவ்வளவு தொலைவில் சுடத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும்.

குண்டு செய்யும் வேலை

துப்பாக்கிக் குண்டு விலங்கை அடித்துச் சாய்ப்பதில்லை. சுடுபவரின் தோள் தாங்கிய உதையைவிடப் பெரிய தள்ளுவிசை எதையும் அந்தக் குண்டு விலங்குக்குத் தந்துவிட முடியாது. அது செய்வது இரண்டே வேலைகள்: மூளையையோ தண்டுவடத்தையோ அறுத்து உடனே விழ வைப்பது, அல்லது இதயம், நுரையீரல், பெரிய இரத்தக் குழாய்கள் ஆகியவற்றைக் கிழித்து மூளைக்குச் செல்லும் இரத்த அழுத்தத்தை வீழ்த்துவது. இரண்டாவது வழியில் சில நொடிகள் கழிந்தே தீரும். இதயம் சிதைந்த மான்கூடப் பத்துப் பதினைந்து நொடிகள் ஓடும் வல்லமை பெற்றிருக்கும். அந்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, என் தோட்டா போதவில்லை என்று முடிவு செய்து பெரிய துப்பாக்கி வாங்கியவர்கள் பலர்.

ஆகவே காலிபருக்கும் குறிக்கும் நடுவே, பேச்சில் அதிகம் இடம்பெறாத மூன்றாவது ஒன்று இருக்கிறது: குண்டின் கட்டமைப்பு. 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டைக்குச் சென்ற ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கர் .300 ஹெச் அண்டு ஹெச் மேக்னம் வைத்திருந்தார். அது அந்தக் காலத்தின் வேகமான தோட்டாக்களில் ஒன்று. சேறு காய்ந்து அப்பியிருந்த மூஸின் தோலிலும் தசையிலும் அவருடைய குண்டுகள் உடைந்து சிதறின. உள்ளே போகவேண்டிய ஆழத்துக்குப் போகவில்லை. அவர் அதைவிடப் பெரிய தோட்டாவைத் தேடவில்லை. நடுவில் செம்புத் தடுப்பு வைத்து, முன்பாதி விரிந்தாலும் பின்பாதி உடையாமல் ஊடுருவிச் செல்லும் பார்ட்டிஷன் குண்டை வடிவமைத்தார். இன்றும் அது விற்பனையில் இருக்கிறது.

கடமானுக்கு இந்தப் பாடம் நேராகப் பொருந்துகிறது. அதன் தோல் தடித்தது, தோள் எலும்பு கனமானது, சேற்றில் புரளும் பழக்கமும் அதற்கு உண்டு. சிறிய மான்களுக்கென்று மெல்லிய உறையுடன் செய்யப்பட்ட மலிவான குண்டை, மேக்னம் வேகத்தில், 40 மீட்டரில் அதன் தோள் எலும்பில் இறக்கினால் அது எலும்பிலேயே நொறுங்கிவிடக்கூடும். அதே குண்டு .308-இன் நிதானமான வேகத்தில் ஓரளவு முழுமையாகவே உள்ளே சென்றிருக்கும். வேகம் கூடக் கூடக் குண்டும் உறுதியாக இருக்க வேண்டும். உறையும் ஈயமும் பிரியாமல் ஒட்டவைக்கப்பட்ட குண்டு, தடுப்புள்ள குண்டு, முழுச் செம்புக் குண்டு ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. முழுச் செம்புக் குண்டு விரிவதற்குப் போதிய வேகம் வேண்டும் என்பதால், நெடுந்தொலைவில் சுடுபவர்கள் உற்பத்தியாளர் தரும் குறைந்தபட்ச வேகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இராணுவத்துக்கான முழு உறைக் குண்டு மானுக்கு ஆகாது. அது விரியாமல் ஊசித்துளையிட்டுச் செல்லும், அடிபட்ட மான் வெகுதூரம் போய்ச் சாகும்.

பெரிய, மெதுவான குண்டு புதரையும் கிளைகளையும் வெட்டிக்கொண்டு நேராகச் செல்லும் என்ற நம்பிக்கையையும் இங்கேயே களைந்துவிடலாம். எந்தக் காலிபரின் குண்டும் குச்சியில் பட்டால் விலகும். எவ்வளவு விலகும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. இடைவெளி தெரியாவிட்டால் சுடக் கூடாது.

எங்கே குறிவைப்பது

பக்கவாட்டில் நிற்கும் கடமானைப் பார்த்தவுடன் கண் இயல்பாக உடலின் நடுவுக்குப் போகிறது. அந்த நடுப்பகுதியில் இருப்பது கடைசி விலா எலும்புகளும் இரைப்பையும்தான். உயிர்நிலையோ அதைவிட வெகுவாக முன்னேயும் கீழேயும் இருக்கிறது. முன்னங்காலின் பின் ஓரத்தை நேராக மேல்நோக்கித் தொடர வேண்டும். நெஞ்சின் அடிக்கோட்டிலிருந்து முதுகு வரையுள்ள உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்ததும் நிற்க வேண்டும். அந்தப் புள்ளியில் சென்ற குண்டு இதயத்தின் மேற்பகுதியையும் இரு நுரையீரல்களையும் கிழிக்கும். சற்று மேலே போனாலும் நுரையீரல், சற்றுக் கீழே போனாலும் இதயம், சற்று முன்னே போனாலும் தோள் எலும்பும் அதற்குப் பின்னுள்ள குழாய்களும் என்று பிழைக்கு இடம் தரும் புள்ளி அது. ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்கு அந்த உயிர்நிலை விரிந்திருக்கிறது. பின்னே போனால் மட்டும் மன்னிப்பில்லை: முதலில் ஈரல், அடுத்து இரைப்பை, அதற்கப்பால் காயத்தோடு தப்பிவிட்ட மான்.

கடமான் நிற்கும் இடத்தில் பெரணியும் புதரும் வயிறு வரை வளர்ந்திருப்பது வழக்கம். கால் மறைந்திருந்தால் மேலே சொன்ன கோட்டைக் கண்ணால் பிடிக்க முடியாது. தெரிகிற முதுகுக் கோட்டை மட்டும் வைத்து ஊகித்துச் சுட்டால், குண்டு முதுகெலும்பின் மேல்முட்களில் படும் ஆபத்து உண்டு. அப்படிப் பட்ட மான் இடி விழுந்தது போல அங்கேயே சாயும். சுட்டவர் மகிழ்ந்து துப்பாக்கியைத் தோளில் மாட்டும்போது எழுந்து ஓடிவிடும். சாய்ந்த மானின் மீதும் அடுத்த தோட்டாவை ஏற்றிக் குறியை வைத்தபடி காத்திருப்பதை முதல் நாளிலிருந்தே பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

மான் நம்மை விட்டுச் சாய்வாக விலகி நிற்கும்போது, அருகிலுள்ள பக்கத்தில் புள்ளியைத் தேடாமல் அப்பால் உள்ள முன்னங்காலை மனத்தில் நிறுத்தி, குண்டு அந்தக் கால் வழியே வெளியேறுவது போலக் குறிவைக்க வேண்டும். குண்டு நுழையும் இடம் விலா எலும்புகளின் பின்பகுதிவரைகூடப் போகலாம், பாதைதான் முக்கியம். நெஞ்சுக்குள் நீளமாகப் பயணிக்கும் இந்தப் பாதை மிகச் சிறந்தது, ஆனால் ஆழமாக ஊடுருவும் குண்டைக் கேட்கிறது. சாய்வு மிகக் கூடினால் குண்டு புல் நிறைந்த இரைப்பையைத் தாண்ட வேண்டியிருக்கும். அப்போது விட்டுவிடுவது நல்லது. நம்மை நோக்கிச் சாய்வாக நிற்கும் மானின் உயிர்நிலையைத் தோள்மூட்டும் கனமான எலும்பும் மறைக்கின்றன. குண்டும் அனுபவமும் இரண்டும் உறுதியாக இருப்பவர்கள் தோள்மூட்டின் உட்புறம் சுடலாம். மற்றவர்கள் மான் திரும்பும்வரை பொறுக்கலாம். நேர் எதிரே நிற்பது மிகக் குறுகிய இலக்கு. பின்புறம் காட்டி நிற்கும் மானைச் சுடவே கூடாது. எந்தக் காலிபரும் அதற்கு விதிவிலக்கு இல்லை.

தலையையும் கழுத்தையும் சுடுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. மூளை கைப்பிடிக்குள் அடங்கும் அளவு, அதுவும் எப்போதும் அசைந்துகொண்டிருக்கும் தலைக்குள். சில சென்டிமீட்டர் தவறினால் தாடை உடைந்து, இரை எடுக்க முடியாமல் நாள்கணக்கில் அலைந்து சாகும் மான்தான் மிஞ்சும். ஆண் கடமானின் கழுத்தில் அடர்ந்த பிடரிமயிர் இருப்பதால் எலும்பு எங்கே ஓடுகிறது என்பதும் வெளியே தெரிவதில்லை.

மலைச்சரிவில் மேலிருந்து கீழே சுடும்போது குண்டு உயர்ந்த இடத்தில் நுழைந்து மறுபக்கத்தில் தாழ்ந்த இடத்தில் வெளியேறும். ஆகவே நுழையும் புள்ளியைச் சற்று உயர்த்த வேண்டும். குண்டின் இறக்கத்தைத் தீர்மானிப்பது கிடைமட்டத் தொலைவுதான், சரிவின் நீளம் அன்று. தொலைவுமானியில் சாய்வுத் திருத்தம் இருந்தால் அந்த எண்ணைப் பயன்படுத்த வேண்டும்.

பெல் என்ற உதாரணம்

சிறிய காலிபரை ஆதரிப்பவர்கள் தவறாமல் இழுத்துவரும் பெயர், கராமோஜோ பெல் என்று அழைக்கப்பட்ட ஸ்காட்லாந்துக்காரர் டபிள்யூ.டி.எம். பெல். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவில் தந்தத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்ட அவர், அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பயன்படுத்தியது 7×57 மவுசர். இன்று மான் வேட்டைக்கு நடுத்தரமானது என்று கருதப்படும் தோட்டா. தந்த வேட்டையை இன்று யாரும் புகழ மாட்டார்கள், புகழவும் வேண்டாம். ஆனால் உதாரணமாக எடுத்தால் முழுமையாக எடுக்க வேண்டும். அவர் யானை மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, எந்தக் கோணத்திலிருந்து மூளை எங்கே இருக்கும் என்று படித்தவர். விரியாத முழு உறைக் குண்டை நேராக ஊடுருவுவதற்காகவே தேர்ந்தவர். இடைவிடாமல் பயிற்சி செய்தவர். சிறிய காலிபரை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுபவருக்கு அந்தக் காலிபர் உதவாது. ஆப்பிரிக்காவின் பல நாடுகள் யானை, காட்டெருமை போன்றவற்றுக்கு .375 அளவைக் கீழ்வரம்பாக வைத்திருப்பதும், சாதாரணமாகச் சுடுபவரை மனத்தில் வைத்தே.

உதையும் பயிற்சியும்

பெரிய தோட்டாவுக்கு நாம் தரும் விலை தோளில் வாங்கும் உதை. ஒரே எடையுள்ள துப்பாக்கியில் .300 வின்செஸ்டர் மேக்னத்தின் உதை .308-ஐப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. வலி ஒரு பக்கம் இருக்கட்டும்; அதை எதிர்பார்க்கும் உடல், விசையை அழுத்தும் கணத்துக்குச் சற்று முன்பே தோளை இறுக்கி, கண்ணை மூடி, குழலைத் தாழ்த்திவிடுகிறது. சுடுபவருக்கு இது தெரிவதே இல்லை, ஏனென்றால் வெடிச்சத்தம் அதை மறைத்துவிடுகிறது. கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று: பயிற்சிக் களத்தில் நண்பர் ஒருவர், நமக்குத் தெரியாமல், சில முறை உண்மைத் தோட்டாவையும் சில முறை மருந்தில்லாப் பயிற்சித் தோட்டாவையும் ஏற்றித் தர வேண்டும். வெடிக்காதபோது குழல் தாழ்ந்தால், அந்தத் தோட்டா அவருக்குப் பெரிது, அல்லது அவர் இன்னும் அதற்குத் தயாராகவில்லை. இந்தச் சோதனையில் தேறும் அளவுக்குள் இருப்பவற்றில் பெரியதைத் தாராளமாக எடுக்கலாம்.

பயிற்சியை மேசையிலேயே முடித்துக்கொள்வது பலருடைய வழக்கம். மேசையில் குறியைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிட வேண்டும். காட்டில் மேசை கிடையாது. உட்கார்ந்தும், முழங்காலிட்டும், மரத்தில் சாய்ந்தும், தாங்குகோல்களைப் பயன்படுத்தியும், சற்று ஓடிவந்து மூச்சு வாங்கும்போதும் சுட்டுப் பழக வேண்டும். .22 துப்பாக்கி இதற்குச் செலவில்லாத ஆசிரியர். 20 செ.மீ. விட்டமுள்ள காகித வட்டத்தில், இந்த நிலைகளில், எல்லாக் குண்டுகளும் தவறாமல் விழும் மிகப் பெரிய தொலைவு எதுவோ, அதுவே அவரவருடைய எல்லை. அது 120 மீட்டர் என்றால் 120 மீட்டர்தான், துப்பாக்கி 500 மீட்டர் சுடக்கூடியதாக இருந்தாலும். பின்லாந்தில் மூஸ் வேட்டைக்குப் போக விரும்புபவர், 75 மீட்டரில் 23 செ.மீ. வட்டத்துக்குள் குண்டுகளைப் போட்டுக் காட்டித் தேர்வில் வெற்றி பெற வேண்டும். விக்டோரியாவில் அப்படி நம்மைச் சோதிக்க யாரும் வராவிட்டாலும் நாமே சோதித்துக்கொள்ளத் தடையில்லை.

சுட்ட பிறகு

கடமானின் நீண்ட முடியும் தடித்த தோலும் இரத்தத்தை உறிஞ்சி மறைத்துவிடுவதால், நன்றாக அடிபட்ட மான்கூடத் தொடக்கத்தில் துளி இரத்தமும் விடாமல் பள்ளத்துக்குள் மறையலாம். குண்டு மறுபக்கம் வெளியேறித் தாழ்வான துளை ஒன்றை உண்டாக்கினால் தடம் எளிதாகிறது. சற்றுக் கனமான, உறுதியான குண்டை நான் விரும்புவதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

சுட்டதும் அடுத்த தோட்டாவை ஏற்றி, மான் நின்ற இடத்தையும் கடைசியாகத் தெரிந்த இடத்தையும் மரம் அல்லது பாறையை அடையாளமாக்கி மனத்தில் பதிக்க வேண்டும்; நாம் சுட்ட இடத்தில் நிற ரிப்பன் கட்டிவிட்டு நகர்வது நல்லது, ஏனெனில் பள்ளத்தைக் கடந்து அந்தப் பக்கம் போனதும் காடு வேறாகத் தெரியும். அரைமணி நேரம் காத்திருந்து, பிறகு முடி, எலும்புத் துணுக்கு, இரத்தம் ஆகியவற்றைத் தேட வேண்டும். நுரை கலந்த இளஞ்சிவப்பு இரத்தம் நுரையீரலைக் காட்டும். மான் அருகிலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு ஈரலைக் குறிக்கும். பச்சை நிறமோ இரைப்பை நாற்றமோ இருந்தால் உடனே பின்தொடரக் கூடாது. துரத்தப்படாத மான் அருகிலேயே படுத்துக்கொள்ளும் என்பதால் மூன்று நான்கு மணி நேரம் விட்டுவிட்டு, சட்டம் அனுமதிக்கும் இடத்தில் பழக்கப்பட்ட நாயுடன் செல்வது சிறந்தது. விழுந்து கிடக்கும் மானைப் பின்புறமாக அணுகி, நீண்ட குச்சியால் கண்ணைத் தொட்டு இமைக்கவில்லை என்று உறுதி செய்த பிறகே கையை வைக்க வேண்டும்.

மானை அறுக்கும்போது குண்டின் பாதையைத் தொடர்ந்து பார்ப்பதை யாரும் தவிர்க்கக் கூடாது. நுழைந்த துளை நாம் நினைத்த இடத்தில் இருக்கிறதா, எந்த எலும்பைத் தொட்டது, நுரையீரலில் எவ்வளவு அகலத்துக்குச் சிதைவு, எதிர்ப்பக்கத் தோலடியில் குண்டு தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிடைத்த குண்டைக் கழுவித் தராசில் வைத்தால், 180 கிரெயினில் புறப்பட்டது எத்தனை கிரெயினாக மிஞ்சியிருக்கிறது என்பது தெரியும். பாதிக்கும் கீழே இறங்கியிருந்தால் மாற்ற வேண்டியது துப்பாக்கியை அன்று, குண்டின் வகையை.